ஆற்றில் மிதக்க லொறி ரியூப், கரையில் படுக்கக் கூடாரம்: வன்னிக்கு எது தாக்குப்பிடிக்கும்?

முடிவை முதலே சொல்லிவிடலாம். வன்னியில் ஆற்றோடு மிதந்து, கரையில் ஓரிரவு தங்கிவரச் சாமான் வாங்குகிறவர்கள் மிதவைக்குப் பழைய லொறி ரியூப்பையே எடுங்கள். கடை வாசலில் தொங்கும் வண்ண வளையம் இந்த ஆறுகளுக்குச் சரிவராது. அதில் மிச்சம்பிடிக்கும் காசு மிதவை அங்கிக்குப் போகட்டும். அங்கியில் மட்டும் மலிவு பார்க்கக்கூடாது. கூடாரம் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் காரியம் கெடாது.

படகுச் சவாரிக்குப் பேர்போன கித்துல்கலையில் களனி கங்கைக்குப் போனால் அங்கி, தலைக்கவசம், வழிகாட்டி எல்லாம் கொடுக்கிற காசோடு சேர்ந்து வரும். வன்னியில் எல்லாம் நாமே. ஆறும் வேறு மாதிரி. பாறையில் மோதிப் பாயும் வேகம் இங்கே கிடையாது. மணல் படுக்கை, இரு கரையிலும் மருதமரம், சோம்பலான ஓட்டம். கல்லைவிட முள்ளும் விழுந்த மரமும் மணல் அள்ளிய கிடங்கும்தான் இங்கே ஆபத்து. சாமானையும் அதற்கேற்றபடிதான் எடைபோடவேண்டும்.

எந்த ரியூப் என்றாலும் வருடம் முழுக்கப் பாவிக்க முடியாது. ஐப்பசியிலிருந்து மார்கழி வரை வாடைமழை. அந்த நாட்களில் ஆற்றுப் பக்கமே போகவேண்டாம். குளங்கள் நிரம்பி வான் (மிஞ்சிய தண்ணீர் வழியும் இடம்) பாய்ந்து அடங்கி, தை கடைசியில் தண்ணீர் தெளியத் தொடங்கும். அதிலிருந்து பங்குனி வரைதான் மிதக்கிற காலம். வைகாசிக்குப் பிறகு சோளகக் காற்று அடித்து ஆறு வற்றி, இடைக்கிடை மடுக்களாக நிற்கும். சுற்றுவட்டாரத்து முதலைகளெல்லாம் அந்த மடுக்களுக்குத்தான் வந்து சேரும். தண்ணீர் குறைவுதானே, ஆபத்தில்லை என்று ஆடி, ஆவணியில் இறங்குவதைப்போல மடத்தனம் வேறில்லை.

அருவி ஆற்றுக்கு இன்னொரு குணம் உண்டு. 164 கிலோமீற்றர் நீளமான ஆறு, மேல்பாதி முழுக்க அநுராதபுரப் பக்கம். மன்னாரில் வெயில் எரிந்துகொண்டிருக்கும்போதே மேலே பெய்த மழையும் குளங்களிலிருந்து திறந்துவிட்ட தண்ணீரும் ஒன்றாக வந்து சேரலாம். வானத்தைப் பார்த்து முடிவெடுத்தால் ஏமாறுவீர்கள். நீர்ப்பாசனத் திணைக்களம் வெளியிடும் ஆற்று நீர்மட்ட அறிக்கையில் மல்வத்து ஓயாவுக்கு (அருவி ஆற்றின் சிங்களப் பெயர்) தந்திரிமலை அளவுகோலைப் பாருங்கள். அங்கே மட்டம் ஏறுகிறது என்றால் கீழே ரியூப்பை இறக்கவேண்டாம். கனகராயன் ஆற்றில் இரணைமடுக் குளத்துக்குக் கீழ்ப்பகுதி வான்கதவுகளின் கையில். குளம் முழு மட்டமான 36 அடியைத் தொடுகிற செய்தி வந்தால் அந்த வாரம் திட்டத்தை மறந்துவிடவேண்டும். 2018 டிசம்பரில் கிளிநொச்சியையும் முல்லைத்தீவையும் மூழ்கடித்த வெள்ளம் ஒரே இரவில் ஏறியது.

இனி ரியூப்.

ரயர் கடையில் ‘ஆயிரத்து இருபது’ என்று கேளுங்கள். 10.00-20 அளவு, பெரிய லொறிக்கும் பஸ்சுக்கும் போடுவது. காற்றடித்தால் வெளிவிட்டம் ஒரு மீற்றரைச் சுற்றி வரும். நடு ஓட்டையில் பெரிய ஆள் ஒருவர் இடுப்பைச் செருகி உட்கார்ந்து, முதுகையும் முழங்காலையும் விளிம்பில் சாய்க்கலாம். உள்ளே கொள்ளும் காற்று 100 லீற்றருக்கு மேல். அதாவது 100 கிலோ ஆளையும் முழுக்கத் தாழவிடாது. 7.50-16 சின்ன லொறி ரியூப் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைக்குக் கணக்கு. பெரியவர் உட்கார்ந்தால் பின்பக்கம் தண்ணீருக்குள் தொங்கி, அடியில் கிடக்கும் கட்டைகளில் தட்டுப்படும். உழவு மெசினின் பின்சில்லு ரியூப் பார்க்க ஆசையாக இருக்கும். ஆனால் அதன் நடு ஓட்டை மிகப் பெரியது, ஆள் வழுகி உள்ளே போய்விடுவார். நடுவில் வலை பின்னாமல் அதைத் தொடவேண்டாம்.

பழைய ரியூப் வாங்கும்போது ஒட்டுகளை எண்ணிப் பயப்படவேண்டியதில்லை. நன்றாக ஒட்டிய ஒட்டு, ரியூப்பைவிட உறுதி. பார்க்கவேண்டியது மூன்று இடம். வால்வின் அடிப்பாகம்: கையால் வளைத்துப் பாருங்கள், உலோகமும் இறப்பரும் சேருமிடத்தில் மயிர்க்கோடு தெரிந்தால் அதை விட்டுவிடவேண்டும், அங்கே ஒட்டே போட முடியாது. அடுத்தது மடிப்பு: நெடுநாள் மடித்துக் கிடந்த ரியூப்பை விரித்து இழுத்தால் மடிப்பு நெடுகச் சிலந்திவலை போலக் கீறல் தெரியும். மூன்றாவது, உட்பக்கத்துத் தையல்வரி. சந்தேகமென்றால் கடைக்காரரின் தொட்டியிலேயே காற்றடித்து அமுக்கிக் குமிழி வருகிறதா என்று பார்த்துவிடலாம். ரியூப் இல்லாத ரயர்கள் பெருகிவருவதால் நல்ல பழசு முன்னைப்போல் குவிந்து கிடப்பதில்லை. கிளிநொச்சி, வவுனியாவில் கண்டிவீதி நெடுகவுள்ள ரயர் கடைகளில் இரண்டு மூன்றை ஏறி இறங்கத்தான் வேண்டும்.

காற்றடிப்பதில்தான் எல்லாரும் பிழைவிடுவது. ரயருக்குள் இருக்கும்போது 100 இறாத்தல் அழுத்தம் தாங்குகிற ரியூப், வெளியே இரண்டு இறாத்தலுக்கே உருமாறிவிடும். இழுத்துப் பிடிக்க வெளியே ரயர் இல்லை; எந்த இடம் மெலிந்ததோ அது மட்டும் பலாப்பழம்போல் வீங்கும். வீங்கத் தொடங்கிய இடம் பிறகு சுருங்காது. பெருவிரலால் அழுத்தினால் ஓர் அங்குலம் உள்ளே போகவேண்டும், அதுதான் அளவு. கறுப்பு இறப்பர் வெயிலில் கொதிக்கும். நிழலில் ஒன்றரை இறாத்தலுக்கு நிரப்பியதைக் கரை மணலில் போட்டுவைத்தால் உள்ளே காற்றுச் சூடேறி இரண்டரைக்கு மேலே போய்விடும். கரையில் வைக்கும்போது நிழலில் வையுங்கள், இல்லாவிட்டால் கொஞ்சம் காற்றை இறக்கிவிடுங்கள். மறுபுறம், ஆற்றில் இறங்கிய பத்து நிமிடத்தில் தளர்ந்துபோனால் உடனே ஓட்டை என்று நினைத்துவிடவும் கூடாது. தண்ணீர் குளிர்த்தியில் காற்றுச் சுருங்கியதாகவும் இருக்கலாம்.

ரவுணில் நிரப்பிக்கொண்டு போனால் ஒரு பிக்கப்பில் நாலைந்துக்கு மேல் ஏறாது. காலியாகச் சுருட்டிக்கொண்டு போனால் கரையில் நிரப்பவேண்டும். கால் பம்மினால் ஒரு ரியூப்புக்கு 300 தடவைக்கு மேல் மிதிக்கவேண்டிவரும். காரில் செருகும் சின்னக் கம்பிறசர் நிமிடத்துக்கு 30 லீற்றர் தருமென்றால் ஐந்து நிமிடம் போதும். மலிவான 15 லீற்றர்க்காரன் பத்து நிமிடம் ஓடிச் சூடேறி நிற்பான், அடுத்த ரியூப்புக்கு முன் ஆறவிடவேண்டும். வால்வுக்குள் இருக்கும் பின்னைக் கழற்றிவிட்டு நிரப்பினால் வேகம் கூடும். ஆனால் அரைவிரல்கூட இல்லாத அந்தப் பின் மணலில் விழுந்தால் கிடைக்காது. நான்கு பின் மேலதிகமாக வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள், விலை ஒரு காசுமில்லை.

பெரிய லொறி ரியூப்பில் உள்ள ஒரே கெட்ட குணம் அந்த வளைந்த உலோக வால்வு. சில்லின் ரிம்மினூடாக வெளியே வருவதற்காக நடு ஓட்டையை நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும். உட்காருகிறவரின் தொடையையும் முதுகையும் கிழிக்கிற இடமும் அதுதான். பிளாஸ்ரிக் மூடியை மட்டும் நம்பவேண்டாம், அது முதல் மணித்தியாலத்திலேயே கழன்று போகும். பழைய சைக்கிள் ரியூப்பில் ஒரு சாண் வெட்டி, வால்வை இறப்பரோடு படிய அழுத்தி, அதன்மேல் இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டுங்கள். உட்காரும்போது வால்வு காலடிப் பக்கம் வரட்டும்.

அடுத்து உறை. உரப்பையை நீளவாட்டில் பிரித்து, ரியூப்பைச் சுற்றி வைத்துச் சாக்கு ஊசியால் தைத்தால் மூன்று நன்மை: வெயிலில் தொடை சுடாது, முள் நேரே ஏறாது, கயிறு வழுகாது. பையை முதலில் நன்றாகக் கழுவவேண்டும், யூரியா மிச்சம் ஈரத் தோலில் பட்டால் எரியும். உறையின் மேல் 8 மில்லிமீற்றர்க் கயிற்றை நான்கு இடத்தில் இறுக்கிப் பிடிகயிறு போடுங்கள். கை நுழைகிற அளவுக்குத்தான் இடம் விடவேண்டும், கால் நுழைகிற அளவுக்கு விடக்கூடாது. தொங்குகிற நுனி எதையும் மிச்சம் வைக்கவும் கூடாது.

முள்ளென்றால் வன்னியில் பஞ்சமில்லை. காரை, சூரை, விளாத்தி, உடை எல்லாம் ஆற்றோரத்தில்தான் நெருக்கமாக நிற்கும், வெள்ளத்தில் ஒடிந்த கொப்புகளும் மணலுக்குள் புதைந்து கிடக்கும். லொறி ரியூப்பில் முள் ஏறினால் மெல்லத்தான் காற்றுப் போகும், கரைசேர நேரம் கிடைக்கும். ஒட்டுவதும் சைக்கிள் ஒட்டுத்தான். காயவைத்து, அரத்தாளால் உரஞ்சி, சொலூசன் பூசி, விரல் வைத்தால் ஒட்டாத பதம் வரும்வரை ஐந்து நிமிடம் பொறுத்து, ஒட்டை வைத்து அழுத்தவேண்டும். அந்த ஐந்து நிமிடத்துக்குப் பொறுமையில்லாமல் ஈரச் சொலூசன்மேல் வைத்த ஒட்டு தண்ணீரில் நனைந்ததும் உரிந்துவரும்.

கடை வளையங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். மெல்லிய பி.வி.சி., அரை மில்லிமீற்றர்கூட இராது. முள் ஏறினால் ஓட்டையோடு நிற்காது, தையல் வரை கிழியும். சைக்கிள் சொலூசன் அதில் பிடிக்காது, பி.வி.சி. பசை தனியாக வேண்டும், அதுவும் ஒருநாள் காயவேண்டும். கப் வைத்த, முதுகுசாய்வு வைத்த ரகங்கள் படத்துக்கு வடிவு. ஆற்றில் காற்றடித்தால் பாய்போல் பிடித்துக் கரைப் பற்றைக்குள் கொண்டுபோய்ச் செருகிவிடும். நீச்சல் தடாகத்துக்குத்தான் அது. ஹோட்டலுக்குப் போகிறவர்கள் வாங்கட்டும்.

அங்கிக்கு வருவோம். ரியூப்பில் இருக்கிறவருக்கு அங்கி எதற்கு என்று கேட்கிறவர்கள் ரியூப் எப்படிக் கவிழும் என்று பார்த்திராதவர்கள். தாழ்ந்த கொப்பு நெஞ்சில் தட்டும், ஆள் பின்பக்கமாகப் போவார், பாரம் இறங்கிய ரியூப் காற்றோடு முன்னே ஓடிவிடும். நீந்திப் பிடிக்க முடியாது. மிதவை அங்கியில் 50, 100, 150 என்று நியூட்டன் கணக்கு அச்சிட்டிருக்கும். 50 என்பது நன்றாக நீந்தத் தெரிந்தவருக்கு உதவியாக இருப்பது மட்டும். நீந்தத் தெரியாதவருக்கு 100, கழுத்துப்பட்டியோடு, முகத்தை மேலே வைத்திருக்க உதவுவது. இலக்கமே அச்சிடாத செம்மஞ்சள் அங்கிகள் சந்தையில் நிறைய. வாங்கிவிட்டால் வீட்டில் சோதியுங்கள்: தண்ணீர்த் தொட்டியில் 5 கிலோ இரும்பு நிறைகல்லைக் கட்டி அங்கியைப் போட்டு ஒருநாள் விடுங்கள். 50 இலக்க அங்கிகூட அதைத் தாங்கி மிதக்கவேண்டும். தாழ்ந்துபோனால் உள்ளே இருப்பது தண்ணீர் குடிக்கும் பஞ்சு.

அளவும் முக்கியம். போட்டு எல்லாப் பட்டியையும் இழுத்துக் கட்டிய பிறகு, இன்னொருவர் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கவேண்டும். காதுவரை ஏறினால் பெரிது. பிள்ளைகளின் அங்கியில் கவட்டுப்பட்டி கட்டாயம். அது இல்லாத அங்கி தண்ணீரில் தலைவழியே கழன்றுவரும். ‘வளர்ந்து போடுவான்தானே’ என்று ஓரளவு பெரிசாக வாங்குகிற பழக்கத்தைப் பள்ளிக்கூடச் சீருடையோடு வைத்துக்கொள்ளவேண்டும்.

கயிறுக்கு முல்லைத்தீவிலோ மன்னாரிலோ மீன்பிடிச் சாமான் கடைக்குப் போங்கள். ஹாட்வெயாரில் கொடுக்கும் நைலோன் தண்ணீரில் தாழும். கேட்கவேண்டியது மிதக்கும் கயிறு, பொலிபுரொப்பிலீன். 20 மீற்றர் வாங்கி, ஒரு நுனியில் மூடிய ஐந்து லீற்றர் வெற்றுக் கானைக் கட்டினால் எறிகயிறு ஆயிற்று. கரையில் நிற்கிறவர் மறு நுனியைக் கையில் பிடிக்கவேண்டும். தன் இடுப்பில் கட்டிக்கொண்டால் இழுப்பு வரும்போது அவரும் போவார். ரியூப்புகளை ஒன்றோடொன்று கட்டிச் சங்கிலியாகப் போவதும் அதே வகைப் பிழை. நடுவில் ஒரு மரம் வந்து இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் என்றானால் கயிறு மரத்தில் இறுகும், தண்ணீர் இருவரையும் அமுக்கும். ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு போகலாம், வேண்டிய நேரம் விட்டுவிடலாம்.

இறங்குமுன் ஓட்டத்தை அளப்பது எளிது. கரை நெடுக 20 மீற்றர் காலால் அளந்து, தண்ணீரில் ஒரு காய்ந்த தடியை விடுங்கள். 40 செக்கனில் கடந்தால் மணிக்கு இரண்டு கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைவு, பிள்ளைகளோடும் போகலாம். 20 செக்கனுக்குள் கடந்தால் அன்றைக்கு வேண்டாம். தூரத்தை வரைபடத்தில் நேர்கோடாக அளக்கக்கூடாது; வன்னி ஆறு வளைந்து வளைந்து ஒரு கிலோமீற்றரை இரண்டாக்கிவிடும். முதல்முறைக்கு ஒரு மணித்தியால மிதப்புப் போதும். ஏறவேண்டிய இடத்தில் கொப்பில் சிவப்புத் துணி கட்டி, அங்கே எறிகயிறோடு ஒருவரை நிறுத்திவிட்டுத்தான் மேலே போய் இறங்கவேண்டும். ஆற்றுக்குள்ளிருந்து பார்த்தால் எல்லாக் கரையும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

முழங்காலுக்கு மேல் ஓடும் தண்ணீரில் எழுந்து நிற்க முயலக்கூடாது. வேரிடுக்கில் பாதம் மாட்டினால் ஓட்டம் ஆளைக் குப்புறத் தள்ளும். விழுந்தால் மல்லாந்து, காலை முன்னே நீட்டி, பாதம் தண்ணீருக்கு மேலே தெரிய மிதந்து கரைக்கு ஒதுங்கவேண்டும். விழுந்து கிடக்கும் மருதமரம் எதிரே வந்தால் தூரத்திலேயே கையால் வலித்து விலகுங்கள். கொப்புகளுக்கிடையால் தண்ணீர் போகும், ஆள் போகமாட்டார்.

மணல் அகழ்வைப் பற்றி அழுத்திச் சொல்லவேண்டும். வன்னி ஆறுகள் பலவற்றில் ரிப்பர் கணக்கில் மணல் அள்ளியிருக்கிறார்கள். முழங்கால் தண்ணீரில் நடந்துபோகிறவர் அடுத்த அடியில் தலைக்கு மேலே போவது இந்தக் கிடங்குகளில்தான். கரையில் லொறித் தடம், ஒரேயடியாக வெட்டிய விளிம்பு, நடு ஆற்றில் கறுத்துத் தெரியும் வட்டம் மூன்றும் அதன் அடையாளம். கலங்கல் தண்ணீரில் எதுவும் தெரியாது. கலங்கலாக ஓடும்போது இறங்கவேண்டாம் என்பதற்கு அதுவே போதுமான காரணம்.

அணைக்கட்டுகளும் அப்படித்தான். அருவி ஆற்றை மறித்துக் கட்டுக்கரைக்குளத்துக்குத் தண்ணீர் திருப்பும் தேக்கமும், அந்தப் பக்கத்துக் குஞ்சுக்குளம் தொங்குபாலமும் லீவு நாட்களில் சனம் குவிகிற இடங்கள். பார்க்க வேண்டிய இடம்தான், சாப்பாடு கட்டிக்கொண்டு போய் மரநிழலில் இருந்துவரலாம். ஆனால் அணைக்கட்டு எதுவென்றாலும் தண்ணீர் பாய்ந்து விழும் அடியில் ரியூப் கூடவே கூடாது. அங்கே நிற்கும் வெள்ளை நுரையைக் கவனியுங்கள். கீழே ஓடாமல் கட்டை நோக்கித் திரும்பி வரும், மிதக்கும் தேங்காய் மட்டையொன்று அதற்குள் அகப்பட்டால் அங்கேயே சுற்றிச் சுற்றித் தாழ்ந்தெழும்பும். ஆளுக்கும் அதே கதிதான். நுரையில் காற்றுக் கலந்திருப்பதால் அங்கியின் மிதப்பும் குறையும்.

முதலை இல்லாத ஆறு வன்னியில் உண்டென்று யாரும் சொன்னால் நம்பவேண்டாம். விடியலிலும் பொழுதுபடும் நேரத்திலும் தண்ணீரில் இருக்காதீர்கள். காலை ஒன்பதுக்குப் பிறகு இறங்கி, பின்னேரம் மூன்றுக்கு ஏறிவிடவேண்டும். மணல் திட்டில் வயிறு இழுத்த தடமும் இரு பக்கமும் கால் பதிவும் தெரிந்தால் அந்த வளைவை விட்டுவிடவேண்டும். ஊர்க்காரர் எங்கே குளிக்கிறார்கள், எங்கே மாட்டை இறக்குவதில்லை என்று கேட்டாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். பிடித்த மீனைக் குளிக்கிற துறையில் வெட்டிக் கழுவுவது முதலைக்கு வெற்றிலை வைத்து அழைப்பதுதான்.

கரையில் தங்குவதற்குக் கூடாரமா, தறப்பாளா? மடுத் திருவிழாவுக்குப் போய் மரத்தடியில் தறப்பாள் கட்டி நாட்கணக்கில் சமைத்துச் சாப்பிட்டுப் படுத்து எழும்பும் சனத்துக்குக் காம்பிங் புதிதல்ல. 12 அடிக்கு 15 அடித் தறப்பாள் ஒன்று, இரண்டு மரத்துக்கிடையே முகட்டுக் கயிறு, கீழே நுளம்புவலை. ஆறுபேர் படுக்கலாம், காற்று வரும், கிழிந்தாலும் ஒட்டலாம். குறை ஒன்றுதான்: தரையோடு மூடாது. இரவில் ஊர்ந்துவரும் விரியனுக்குத் தறப்பாள் தடையில்லை. வலையின் ஓரத்தைப் பாய்க்கடியில் சுற்றிலும் செருகவேண்டும். சிப் வைத்த கூடாரத்தின் பெரிய பலன் இதுதான், வேறொன்றும் பெரிதாக இல்லை.

கூடாரம் வாங்குகிறவர்கள் பெட்டியில் போட்ட ஆள்கணக்கைப் பாதியாக்கிப் படியுங்கள். ‘நான்கு பேர்’ என்பதன் தரை பெரும்பாலும் 210க்கு 240 சென்ரிமீற்றர். ஆளுக்கு 60 சென்ரிமீற்றர் வரும், பைக்கு இடமில்லை. தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். நாம் தங்கப்போவது அந்த மாதங்களில்தான். ஒற்றைத் துணிக் கூடாரத்தில் மூச்சின் ஈரம் குளிர்ந்த துணியில் பட்டு விடிய முகத்தில் சொட்டும், ஒழுகுகிறதென்று கடைக்காரரைத் திட்டுவோம். மேலே தனியாக ஓர் உறை, உச்சியில் வலைச் சாளரம் உள்ளதை எடுத்து, சாளரத்தை இரவில் திறந்து விடவேண்டும். அடியில் தறப்பாள் விரித்தால் அதன் விளிம்பு கூடாரத்துக்கு வெளியே தெரியக்கூடாது. தெரிந்தால் மழைத் தண்ணீரை ஏந்தி நம் அடியில் கொண்டுவந்து விடும்.

கூடவரும் கம்பி ஆணிகள் ஆற்றுமணலில் நிற்காது. அவற்றை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். சின்னப் பைகளில் மணலை நிரப்பிக் கயிற்றைக் கட்டி ஒரு முழ ஆழத்தில் புதைத்தால் எந்தக் காற்றுக்கும் அசையாது. கண்ணாடிநார்த் தடி நீளவாட்டில் பிளந்தால் தகரத் துண்டை வளைத்துச் சுற்றி ரேப் ஒட்டலாம். சிப்புக்கு மெழுகுதிரி உரஞ்சிக்கொண்டு போனால் மணல் இறுக்காது.

இடம் தேர்கையில் மரக்கொப்புகளை அண்ணாந்து பாருங்கள். போன வெள்ளத்தில் வந்த சருகும் பொலித்தீனும் எந்த உயரத்தில் சிக்கியிருக்கிறதோ அதற்கு மேலேதான் படுக்கை. தண்ணீர் விளிம்பிலிருந்து 30 மீற்றராவது தள்ளவேண்டும். யானை இறங்கும் சரிவு, லத்திக் குவியல், மண் உரஞ்சிய மரம் இருந்தால் அங்கே வேண்டாம். வாழைப்பழம், உப்பு, அரிசி எதையும் கூடாரத்துக்குள் வைக்கக்கூடாது, வாகனத்துக்குள் பூட்டுங்கள்; வாகனம் வெளியே போகும் திசையைப் பார்த்து நிற்கட்டும்.

வன்னிக்கே உரியது இன்னொன்று: மிதிவெடி. மண்டையோட்டுச் சிவப்புப் பலகை உள்ள இடம் எல்லாருக்கும் தெரியும். பலகை இல்லாத இடத்திலும் வெள்ளம் மண்ணைப் புரட்டி எதையும் கொண்டுவந்து போடலாம். சனமும் மாடும் நடந்து பழகிய இடத்தில் மட்டும் தங்குங்கள், விறகுக்குப் பற்றைக்குள் இறங்கவேண்டாம், புதுத் தரையில் கிடங்கு வெட்டவேண்டாம். கிராம அலுவலரிடம் முதலே சொல்லி இடத்தை உறுதிப்படுத்தினால் இந்தக் கேள்விக்கும் காணி யாருடையது என்ற கேள்விக்கும் ஒன்றாகப் பதில் கிடைக்கும். சுண்டிக்குளமும் மடுவீதியும் 2015இலிருந்து தேசியப் பூங்காக்கள். அந்த எல்லைகளுக்குள் வனஜீவராசிகள் திணைக்களத்தின் அனுமதியில்லாமல் கூடாரம் போட முடியாது.

சமையலுக்கு விறகை நம்பாமல் 2.3 கிலோக் காஸ் சிலிண்டர் ஒன்று. பியூட்டேன் ரின் அடுப்பென்றால் ஒரு ரின் முழு எரிவில் ஒன்றேகால், ஒன்றரை மணித்தியாலம்; ஆறுபேருக்கு இரவுச் சோறும் கறியும் காலைத் தேத்தண்ணியும் என்றால் மூன்று ரின் கொண்டுபோங்கள். இரண்டு பேருக்கு ஒரு சுண்டு அரிசி. குடிக்கவும் சமைக்கவும் ஒன்றரை நாளுக்கு 19 லீற்றர்ப் போத்தல் இரண்டு. ஆற்றுத் தண்ணீரைக் கொதிக்கவைத்தால் கிருமி சாகும், வயல் மருந்து போகாது.

காயத்தோடு ஆற்றில் இறங்கக்கூடாது. எலிக்காய்ச்சல் கீறலுக்குள்ளால் ஏறும், 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் பரவியதை யாரும் மறந்திருக்கமாட்டார்கள். போகுமுன் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேட்டால் தடுப்புக் குளிசை தேவையா என்று சொல்வார்கள். வந்து இரண்டு கிழமைக்குள் காய்ச்சலும் கெண்டைக்கால் உளைவும் கண் சிவப்பும் வந்தால் பரசிற்றமோல் போட்டுப் படுக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய், ஆற்றில் இறங்கியதையும் சொல்லவேண்டும். ஆற்றங்கரையில் அவசரமென்றால் 1990 அம்புலன்ஸ் இலவசம், ஆனால் காட்டோரத்தில் பல இடங்களில் சிக்னல் இல்லை. சிக்னல் கிடைக்கும் கடைசி இடத்தைப் போகும்போதே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

ரியூப்பை வீட்டுக்குக் கொண்டுவந்ததும் கழுவி நிழலில் காயவைத்து, முகப்பவுடர் தூவி, பாதிக் காற்றோடு தட்டையாகப் போட்டுவைத்தால் அடுத்த தைக்கும் உதவும். ஆணியில் தொங்கவிட்டால் தொங்கிய இடம் மெலியும். எண்ணெய், பெற்றோல் கிட்ட வைத்தால் இறப்பர் பிசுபிசுக்கும்.